எர்த்துக்குப் போட்ட பனியன்

வீரபாண்டி,
16.2.91

மூலனூரில் வாழ்க்கைப்பட்டு, இந்நேரம் அப்பன்மேல் முகத்தைத் தூக்கி வைத்திருக்கும் அம்மிணி வேலாத்தாளுக்கு, அப்பா சென்னியப்பன் ஆசி கூறி எழுதுவது. நானும் உன் அம்மாவும் சுகம். கார் மட்டும் சுகமில்லை.

புதன்கிழமை கட்டுச்சோறு கொண்டுவந்து, உன்னைத் தலைப்பிரசவத்துக்கு அழைத்துப்போவதாகச் சொல்லிவிட்டு வராமல் போனேன். பட்டுச்சேலையோடு சாயங்காலம் வரை வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாயாம். மாப்பிள்ளை போனில் சொன்னதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

உன்னைப் பஸ்ஸில் குலுங்கக் குலுங்கக் கூட்டிவரக் கூடாது என்றுதானே அந்தப் பழைய காரை வாங்கினேன்? அது பஸ்ஸைவிடக் கடகடத்தது. வயிற்றுப்பிள்ளைக்காரி எப்படித் தாங்குவாள் என்று, செவ்வாய்க்கிழமை கம்பெனியிலிருந்து ஒரு மூட்டை பனியன் வேஸ்ட் கொண்டுவந்து, ஆடுகிற இடத்திலெல்லாம் துணியைச் சுற்றி போல்ட்டை முறுக்கினேன். வண்டியை ஆட்டிப் பார்த்தேன், சத்தமே இல்லை. புதன் காலையில் சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட்டும் இல்லை. லைட்டைப் போட்டால் ஹாரன் முனகுகிறது, பிரேக்கை மிதித்தால் வைப்பர் எழுந்து பாதியில் நிற்கிறது, சோக் கம்பியைத் தொட்டால் கை சுடுகிறது. எலக்ட்ரீஷியன் சுப்பண்ணன் வந்து பேட்டரி என்றார், மாற்றினோம். செல்ப் மோட்டார் என்றார், கழற்றினோம். வாடகைக் காருக்கு ஓடினேன், முகூர்த்த நாளாம், ஒன்றும் இல்லை. உனக்குக் கட்டிய புளிச்சோற்றையும் தயிர்ச்சோற்றையும் சுப்பண்ணனும் அவர் ஆட்களும் சாப்பிட்டார்கள். எனக்கு வந்த ஆத்திரத்தில் அழுகையே வந்துவிட்டது கண்ணு.

நேற்று உன் அம்மா மெல்லக் கேட்டாள்: "துணி சுத்தறதுக்கு முன்னால ஓடுச்சுல்லீங்க?"

நான் முறைத்தேன். சுப்பண்ணன் அடியில் படுத்து, இன்ஜினையும் பாடியையும் சேர்க்கும் தடிமனான கம்பியின் போல்ட்டைக் கழற்றி, அதற்கடியில் நான் திணித்திருந்த துணியை உருவினார். "ஏனுங்கண்ணா, எர்த்துக்குப் போயி பனியன் போட்டு உட்டிருக்கீங்களே" என்றார். கரண்ட் அந்தக் கம்பி வழியாகத்தான் பேட்டரிக்குத் திரும்ப வேண்டுமாம். நான் அடைத்துவிட்டதால் சோக் கம்பி, லைட் கம்பி என்று கிடைத்த சந்திலெல்லாம் புகுந்திருக்கிறது. துருவைச் சுரண்டி முடுக்கியதும் ஒரே திருப்பில் ஸ்டார்ட் ஆனது. ஆனால் பழையபடி கடகடக்கிறது.

வெள்ளிக்கிழமை கட்டாயம் வருகிறேன். நாலு தலையணை போட்டு, மாட்டுவண்டிக்குப் பின்னாலேயே ஓட்டிவருகிறேன். கோபத்தில் பஸ் மட்டும் ஏறிவிடாதே தாயி. உன்னைக் காக்க வைத்தது எனக்கு ஆறவே இல்லை.

அத்தைக்கும் மாமாவுக்கும் என் கும்பிடு. நீயும் உள்ளே இருக்கும் சின்ன உசுரும் ஒரு குறையுமில்லாமல் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
அப்பா

பி.கு.: கவரை ஒட்டப்போகும்போது நீயும் மாப்பிள்ளையும் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்துவிட்டீர்கள். வாயால் சொல்ல வெட்கமாக இருப்பதால், நீ சாப்பிடும் தட்டுக்குப் பக்கத்தில் இதை வைக்கிறேன். வழியெல்லாம் ரொம்பக் குலுக்கியதா என்று கேட்டேன். "நல்லாக் கடகடன்னு ஆடுச்சுங்கப்பா. ஒரு வாரமாத் தூக்கமில்லீங்க, அதுலதான் அசந்து தூங்குனேன்" என்கிறாய்.