ஒத்தைக்கண்ணரின் வலது கண்

குடைக் கம்பெனி முதலாளிக்கு இரண்டு மூக்கு தெரிந்தது.

ஒத்தைக்கண்ணர் கேமராவிலிருந்து கண்ணை எடுத்துவிட்டு நேராகப் பார்த்தார். ஒரே மூக்குதான், அதுவும் கோபமான மூக்கு. மறுபடி வியூஃபைண்டர் ஓட்டையில் வலது கண்ணை ஒட்டினார். மூக்கு இரண்டு. மீசை நனைந்த கம்பளி மாதிரி. ஓரத்தில் தெரியும் எண்கள்கூடத் தண்ணீரில் விழுந்த எறும்புகளாக மிதந்தன.

"இன்னும் எவ்ளோ நேரம்ப்பா சிரிக்கிறது? தாடை வலிக்குது" என்றார் முதலாளி.

"அப்படியே இருங்க சார். இதோ முடிஞ்சுது."

ஃபோகஸ் வளையத்தை இப்படித் திருகினார், அப்படித் திருகினார். சட்டை நுனியால் துடைத்தார். வாயால் ஊதினார். ஊதியதில் ஆவி படிந்து, இருந்த மூக்குகளும் காணாமல் போயின. கடைசியில் ஒரு குத்துமதிப்பாகப் பட்டனை அழுத்தினார்.

முப்பது வருடமாக இடது கண்ணை மூடி, வலது கண்ணைக் கேமராவில் வைத்தே பிழைத்தவர். பழக்கம் முற்றிப்போய், கடன்காரனிடம் பேசினாலும் கடவுளைக் கும்பிட்டாலும் இடது கண் தானாக மூடிக்கொள்ளும். அதனால்தான் அந்தப் பட்டப்பெயர். "முதல்முதலா என்னைப் பார்த்தப்பவும் அப்படித்தான் பார்த்தாரு. கண்ணடிக்கிறாருன்னு நினைச்சு ஏமாந்துட்டேன்" என்பாள் மனைவி.

அந்த மனைவிதான் இப்போது கம்ப்யூட்டரில் முதலாளியைப் பெரிதாக்கிக்கொண்டிருந்தாள். பெரிதாக ஆக, முதலாளி கரைந்துகொண்டே போனார்.

"என்னங்க இது, புகைக்குள்ள உக்காந்திருக்காரு?"

"லென்ஸ் கோளாறு."

"போன வாரம்தானே சர்வீஸ்காரன் ஒண்ணுமில்லைன்னு திருப்பிக் கொடுத்தான்? பின்னாடி கையகலம் ஸ்கிரீன் இருக்கு. அதைப் பார்த்து எடுத்தாத்தான் என்ன?"

"ஸ்கிரீனைப் பார்த்து எடுக்கறவன் போட்டோகிராபரே இல்ல. ரெண்டு கையையும் நீட்டிக்கிட்டுப் பிச்சை கேக்கற மாதிரி நிப்பான்."

"நீங்க மட்டும் சாவி ஓட்டையில எட்டிப் பாக்கற மாதிரி நிக்கலாமாக்கும்?"

"அந்த ஓட்டைக்குள்ள நானும் எதிர்ல இருக்கற முகமும் மட்டும்தான். வேற உலகமே கிடையாது. அதுக்குன்னு ஒரு கண்ணு வேணும்டி. இந்தக் கேமராவை வாங்கின அன்னிக்கே என் கண்ணுக்கு அளவு வச்சாச்சு, தச்ச சட்டை மாதிரி. உனக்கெல்லாம் அது வராது. தொடாதே."

மனைவி அடுத்த படத்துக்குப் போனாள். அதுவும் புகை.

கடைக்குள் 'சர்ர்ர்' என்று ஒரு சத்தம். மனைவியின் தம்பி அளவு டேப்பை இழுத்துச் சுவரில் வைத்துக்கொண்டிருந்தான்.

"என்னடா பண்றே?"

"சும்மாத்தான் மாமா. பொழுது போகல, அளக்கறேன்."

பொழுது போகாதவன் அளக்கிற அளவா அது! குடைக் கம்பெனியின் வருட வேலை கிடைத்தால் ஸ்டூடியோ பிழைக்கும். கிடைக்காவிட்டால் மாதக் கடைசியில் கடை மைத்துனன் கைக்குப் போகும். போன் உறை விற்பதாக அவனுக்குத் திட்டம். எந்தச் சுவரில் எந்த உறை தொங்கும் என்பது வரை முடிவு செய்துவிட்டான்.

ஆனால் ஒத்தைக்கண்ணரைத் தின்றுகொண்டிருந்தது கடை அல்ல.

அவருடைய அப்பா லாரி ஓட்டியவர். இதே வயதில், இதே வலது கண்ணில்தான் முதலில் புகை படிந்தது. யாரிடமும் சொல்லாமல் ஓட்டினார். ஒருநாள் வீட்டு வாசலிலேயே சுவரில் மோதி நிறுத்திவிட்டு, சாவியைக் கொடுத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். அப்புறம் எழுந்திருக்கவேயில்லை. நட்ட நடுப் பகலில் "விடிஞ்சிருச்சா?" என்று கேட்பார். யாராவது "ம்" என்பார்கள்.

டாக்டரிடம் போகலாம். போனால் அவர் உண்மையைச் சொல்லிவிடுவார்.

தானே பரிசோதித்துக்கொண்டார். வாசலில் நின்று, கையால் இடது கண்ணைப் பொத்திக்கொண்டு எதிர் மருந்துக்கடைப் பலகையைப் படித்தார். ஒரு எழுத்து விடாமல் தெரிந்தது. ஒரு நிமிடம் உயிர் வந்தது. அப்புறம்தான் உறைத்தது, அந்தப் பலகை அவருக்கு மனப்பாடம். உடனே திரும்பி, போகிற பஸ்ஸின் எண்ணைப் படிக்கப் பார்த்தார். மங்கல். பஸ் ஓடிக்கொண்டிருந்தது என்பதை அவர் கணக்கில் எடுக்கவில்லை.

இதற்கு நடுவில் இன்னொரு பயம் முளைத்தது. மேஜையில் மனைவி கத்தரித்து வைத்திருந்த பாஸ்போர்ட் படங்கள். மருந்துக்கடைப் பெண். முகம் கத்தி மாதிரி இருந்தது. இமை மயிரை எண்ணலாம். கண்ணுக்குள் ஒரு சின்ன வெளிச்சம்.

அந்தப் பெண்ணைத் தான் எடுத்ததாக அவருக்கு நினைவே இல்லை.

மனைவியிடம் கேட்கவும் தைரியமில்லை. கேட்டால், 'எடுத்ததுகூட மறந்துபோச்சா?' என்பாள். கண்ணோடு சேர்ந்து மூளையும் கிளம்பிவிட்டது! நாசூக்காகப் படத்தைத் தூக்கிப் பார்த்தார்.

"இது... நல்லா வந்திருக்கு."

மனைவி சட்டென்று நிமிர்ந்தாள். "நிஜமாவா? நல்லா வந்திருக்குங்களா?"

"பின்னே? கண்ணு அப்படி. முப்பது வருஷக் கண்ணு."

அவள் முகம் ஏனோ சுருங்கியது. கத்தரிக்கோலை வேகமாக ஓட்டினாள்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அவர் வழக்கம்போல் உள்ளறையில் போய்ப் படுத்தார். அவர் தூங்குவதில்லை. கண்ணை மூடி யோசிப்பார். யோசிக்கிற சத்தம் தெருமுனை வரை கேட்கும்.

முதலாளி நல்ல மனிதர். "என் முகம் போனா போகட்டும், தொழிலாளிங்களோட குரூப் போட்டோவாவது ஒழுங்கா எடுத்துக் குடு. அதைப் பார்த்துட்டு வருஷ வேலையைப் பத்திப் பேசலாம்" என்றார்.

கம்பெனி முற்றத்தில் தொழிலாளர்கள் மூன்று வரிசையாக நின்றார்கள். வானம் இழவு வீடு மாதிரி இருந்தது. வலது கண்ணை நம்பமுடியாது. ஒத்தைக்கண்ணர் யாரும் பார்க்காத சமயம் ஆட்டோ ஃபோகஸைப் போட்டுவிட்டு, வாழ்க்கையில் முதல்முறையாக இடது கண்ணைக் கேமராவில் வைத்தார். வலது கண்ணை மூடத் தெரியவில்லை. மூட முயன்றால் வாய் கோணிக்கொண்டு போனது. முன்வரிசையில் ஒரு பெண் சிரித்தாள். மற்றவர்களுக்கும் தொற்றிக்கொண்டது.

'நல்லதாப் போச்சு, சிரிச்ச முகம்' என்று தட்டித் தள்ளினார்.

கம்பெனி கம்ப்யூட்டரில் முதலாளி படத்தைப் பார்த்தார்.

"ஏம்ப்பா, என் ஆளுங்க எல்லாம் ஆவி மாதிரி நிக்கிறாங்க. பின்னாடி தொங்கற நெருப்பு வாளி மட்டும் ஜம்முனு இருக்கு. வாளிக்கு எதுக்குப்பா போட்டோ?"

அடுத்த படத்தில் ஜன்னல் கம்பி ஜம்மென்று இருந்தது. அதற்கடுத்ததில் யாரோ சாய்த்து வைத்த சைக்கிளின் மணி.

ஒத்தைக்கண்ணர் கேமராவைத் திருப்பினார். தொடுதிரை முழுக்க எண்ணெய்ப் பிசுக்கு. எல்லாம் அவருடைய மூக்கு. பார்க்கும் ஓட்டை கேமராவின் இடது ஓரத்தில் இருப்பதால், வலது கண்ணை வைக்கும்போது மூக்கு கேமராவுக்கு வெளியே நிற்கும். இடது கண்ணை வைத்தால் நேராகத் திரையில் போய் இடிக்கும். இடித்த இடத்துக்கெல்லாம் ஃபோகஸ் புள்ளி விசுவாசமாக நகர்ந்திருக்கிறது. வாளியைத் தேர்ந்தெடுத்தது அவருடைய மூக்கு.

"இன்னொரு தடவை சார். ஒரே ஒரு தடவை."

வேறு வழியில்லை. இரண்டு கைகளையும் நீட்டினார். பிச்சை கேட்கிற மாதிரி. திரையைப் பார்த்தார். கிட்டப் பார்வைக்குக் கண்ணாடி வேண்டும், போட்டுக்கொண்டார். அதே நேரம் தூறல் விழுந்தது. ஒவ்வொரு துளியும் ஒரு விரல். திரையைத் தொட்டதும் கேமரா தானாகவே 'டக்' என்றது. 'டக் டக் டக்' என்று வானமே படம் எடுக்க ஆரம்பித்தது.

"ஐயோ, கேமராவுக்குக் குடை பிடிங்கப்பா!" என்று கத்தினார்.

குடைக் கம்பெனியில் குடைக்கா பஞ்சம்? நாலு பேர் நாலு குடையோடு ஓடி வந்தார்கள். திரையில் இப்போது குடைகள் மட்டும் தெரிந்தன. எல்லோரையும் சட்டத்துக்குள் கொண்டுவர, திரையைப் பார்த்தபடியே பின்னால் நகர்ந்தார். இன்னும் கொஞ்சம். இன்னும் கொஞ்சம்.

பின்னால் புது மாடல் பட்டன் குடைகள் ஏற்றுமதிக்காக அடுக்கி வைத்திருந்தது யாருக்கும் நினைவில்லை.

அவர் மல்லாக்க விழுந்தார். குடைகள் 'பட், பட், பட்' என்று ஒன்றன்பின் ஒன்றாக அவரைச் சுற்றி விரிந்தன. கறுப்புக் குடைகளுக்கு நடுவில் கேமராவை மார்பில் அணைத்தபடி கிடந்தவரைப் பார்த்தால், சுற்றி நிற்கிறவர்கள் மாலை வாங்கிவரப் போகவேண்டியதுதான் பாக்கி என்று தோன்றியது.

"போதும்பா" என்றார் முதலாளி, மெதுவாக. அவர் திட்டியிருந்தால் தேவலை.

கம்பெனி மேனேஜர் தன் போனை எடுத்தார். கைகளை நீட்டினார். ஒரே தட்டு. எல்லா முகமும் தெளிவாக விழுந்தது.

ஒத்தைக்கண்ணர் ஈரச் சட்டையோடு கடைக்குத் திரும்பி, கேமராவைக் கழுத்திலிருந்து கழற்றி மேஜையில் வைத்தார். லாரிச் சாவியை வைத்த மாதிரி.

"வித்துடு."

"என்னங்க ஆச்சு?"

"வலது கண்ணு போயிட்டிருக்கு. ரெண்டு மாசமா சொல்லாம மறைச்சேன். அப்பாவுக்கு வந்ததேதான். வியூஃபைண்டர்ல பார்த்தா எல்லாம் புகை. ஞாபகமும் போகுது. எடுத்த முகமே மறந்துபோகுது. இனிமே ஒரு நாற்காலியைப் போட்டு உக்காரவேண்டியதுதான்."

மனைவி கிட்டே வந்தாள். அவர் முகத்தை இரண்டு கையாலும் பிடித்து, வலது கண்ணையே பார்த்தாள். அவளுடைய கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா? நான் வேற சண்டை போட்டுக்கிட்டே இருந்தேனே..."

"நீ சொன்னது சரிதான். ஸ்கிரீன்தான் சரி. நான்தான் தோத்துட்டேன்."

சுவரோரம் மைத்துனன் மூக்கை உறிஞ்சினான். அவனுக்கும் வருத்தம்தான். ஆனாலும் கையிலிருந்த டேப் பழக்க தோஷத்தில் 'சர்ர்ர்' என்று நீண்டது. "அழாதீங்க மாமா. கல்லாவுல நீங்களே உக்காருங்க. சவுரியமா ஒரு நாற்காலி போட்டுத் தரேன்."

நாற்காலி என்றதும் ஒத்தைக்கண்ணருக்கு அப்பாவின் நாற்காலிதான் கண்ணில் வந்தது. கடைச் சாவியை எடுத்தார். கடைசியாக ஒருமுறை மனைவியின் முகத்தைப் பார்த்தார். இடது கண் வழக்கம்போல் மூடிக்கொண்டது. திறந்திருந்த வலது கண்ணில் அவளுடைய நரை, கன்னத்துச் சுருக்கம், மூக்கு நுனியில் நின்ற கண்ணீர்த் துளி, எல்லாம் அச்சு அச்சாகத் தெரிந்தன. சாகப்போகிற விளக்கு கடைசியில் கொஞ்சம் நன்றாக எரியும் என்று நினைத்துக்கொண்டு, சாவியை மைத்துனனிடம் நீட்டினார்.

அப்போது வாசலில் குடையை மடக்கிக்கொண்டு மருந்துக்கடைப் பெண்ணின் அம்மா உள்ளே வந்தாள்.

"அக்கா, எம் பொண்ணுக்கு எடுத்தீங்களே, அதே மாதிரி எனக்கும் ஒரு பாஸ்போர்ட் படம் வேணும், அண்ணன் தூங்கற நேரமாப் பார்த்து வரச் சொன்னீங்க, இன்னிக்கு முழிச்சிருக்காரே, பரவாயில்லை, நீங்க எப்பவும் போல அந்தப் பாக்கற ஓட்டை பக்கத்துல இருக்கற குட்டிச் சக்கரத்தை உங்க கண்ணுக்குத் தெளிவாத் தெரியற வரைக்கும் திருகிட்டு எடுங்க!"