மாப்பிள்ளைக்கு எத்தனை வருட வாரண்டி?

கஞ்சன் நோயாளியாக இருக்கக் கூடாது. இருந்தாலும் பெண் பார்க்கப் போகக் கூடாது. நான் கஞ்சன், நோயாளி, போகவும் போனேன்.

தொண்ணூறுகளின் கடைசி. ஏற்காட்டில் ஒரு காபி எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டராக இருந்தேன். சின்ன வயதிலிருந்தே சர்க்கரை. தினமும் ஊசி குத்திக்கொண்டிருந்த எனக்கு, அமெரிக்காவிலிருந்த அண்ணன் ஒரு இன்சுலின் பம்ப் வாங்கி அனுப்பினான். இடுப்பில் செருகிக்கொண்டால் அதுவே கொஞ்சம் கொஞ்சமாக மருந்தை உள்ளே விடும். (ஏற்காடு ஒண்டிக்கடை பஜாரில் பாதிப் பேர் அதைப் பேஜர் என்று நினைத்து என்னைப் பெரிய ஆளாக்கியிருந்தார்கள். நானும் மறுக்கவில்லை.)

செம்மநத்தத்துப் பெண்வீட்டாருக்கு இந்தச் சர்க்கரைதான் தயக்கம். "மிஷின நேர்ல பாத்துட்டுச் சொல்றனுங்க" என்றாராம் பெண்ணின் அப்பா. ஆக, அன்றைக்குப் பரீட்சை பம்புக்கு. அது தேறினால்தான் எனக்குப் பெண்.

அதன் குட்டி பேட்டரிகளைச் சென்னையிலிருந்துதான் வரவழைக்க வேண்டும். புது செட் ஒன்றைக் கல்யாணத்துக்கு ஆகட்டும் என்று பீரோவில் பூட்டி வைத்திருந்தேன். (பெண்ணையே இன்னும் பார்க்கவில்லை.) ஓடிக்கொண்டிருந்த செட் தீரும் சமயம். எங்கள் எஸ்டேட்டில் டார்ச் மங்கினால், காபிக்கொட்டை காயும் களத்தின் ஓரமாக அதன் பேட்டரியையும் காயப்போடுவோம். இன்னும் கொஞ்ச நாள் எரியும். பம்ப் பேட்டரி மட்டும் என்ன மகாராஜாவா? கழற்றி ஒரு மதியம் முழுக்க வெயிலில் வைத்து, திரும்ப மாட்டினேன். ஓடியது. என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

மறுநாள் ஜீப்பில் போய் இறங்கியதுமே என் மாமா ஆரம்பித்துவிட்டார்.

"அமெரிக்கா சாமானுங்க. நாலு வருசம் வாரண்டி. நின்னு போச்சுன்னா புதுசே அனுப்பிருவானுங்க."

பெண்ணின் அப்பா திருப்தியாகத் தலையாட்டினார். பெண் மல்லிகா காபித் தட்டோடு வந்தாள். பார்த்ததும் எனக்குப் பிடித்துப்போனது. அந்த நேரம் பார்த்து என் இடுப்பு "பீப் பீப்" என்றது.

எல்லோரும் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தார்கள். நான் வயிற்றை அமுக்கினேன், இருமினேன். அது அடங்கவில்லை. கடைசியாக நீளமாக ஒரு கத்து கத்திவிட்டு உயிரை விட்டது.

"ஏனுங்க மாப்ள, நின்னு போச்சுங்களா?" என்றார் பெண்ணின் அப்பா.

"பேட்டரிங்க. நேத்துத்தான் களத்துல காயப்போட்டனுங்க" என்றேன்.

மாமா தலையில் கை வைத்துக்கொண்டார். மானம் கப்பலேறிவிட்டது. பையிலிருந்த பழைய ஊசியை எடுத்துக்கொண்டு உள்அறைக்குப் போனேன். இந்தப் பெண் இனி நமக்கில்லை என்று அழுகையே வந்துவிட்டது.

வெளியே பெண்ணின் அப்பா பேசுவது கேட்டது. "மிஷினுக்கு நாலு வருசமுன்னீங்க. மாப்பிள்ளைக்கு எத்தன வருசமுங்க வாரண்டி?"

மல்லிகாதான் பேசினாள்.

"ஊசிய மறக்காம எடுத்துட்டு வந்திருக்காருங்கப்பா. அது போதுமுங்க. பேட்டரிய நான் பாத்துக்கறேன்."

சூடேறிய பேட்டரி உள்ளேயே கசிந்து பம்ப் பாழாகியிருந்தது. வெயிலில் காயவைத்ததற்கெல்லாம் வாரண்டி கிடையாது என்று அண்ணனிடம் கைவிரித்துவிட்டார்களாம். நான் பழையபடி ஊசிக்கே திரும்பினேன். பீரோ சாவி கல்யாணத்தன்றே மல்லிகாவின் இடுப்புக்குப் போனது, இன்னும் திரும்பவில்லை.

இப்போதெல்லாம் முழங்கால் வலிக்கிறது, நொம்ப அசதியாக இருக்கிறது என்று நான் முனகினால், அவள் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

"களத்துல போய் ஒரு மத்தியானம் உக்காருங்க. இன்னும் கொஞ்ச நாள் ஓடுவீங்க."