வைக்கோல் கன்றுக்கு நான் சொன்ன சாட்சி

அன்று காலை எனக்கிருந்த வேலை ஒன்றே ஒன்று. ஒரு கன்றுக்குட்டி செத்துப்போய்விட்டது என்று ஓர் அதிகாரிக்குக் காட்ட வேண்டும்.

கன்று என்னுடையதல்ல. எங்கள் ராயபுரம் தெருவில் வாசலுக்கே பசுவை ஓட்டிவந்து பால் கறந்து கொடுக்கும் கோவிந்தம்மாளுடையது. புயலில் கொட்டகைச் சுவர் கன்றின்மேல் விழுந்தது. கூரை பறந்தேபோயிற்று. மாடு கன்று இழந்தவர்களுக்குச் சர்க்கார் பணம் தருகிறதாம் என்று என்னிடம் வந்து நின்றாள். அது வந்தால்தான் அடுத்த மழைக்குள் பசுவின் தலைக்குமேல் ஒரு கூரை.

கான்வென்ட்டில் படித்தவள் சும்மா இருப்பேனா? இங்கிலீஷில் மூன்று பக்கம் மனு எழுதினேன். அதில் இரண்டு பக்கம் வெறும் காற்று, மழை வர்ணனை. கீழே சாட்சிக் கையெழுத்து. போதாததற்கு, 'நேரில் வந்தால் அத்தாட்சி காட்டப்படும்' என்று ஒரு வரி. அதை எழுதிய கையை உடைக்க வேண்டும்.

அத்தாட்சி என்னவென்றால், தோல். கன்று செத்தால் பசு பாலை அடக்கிக்கொள்ளும். அதனால் கன்றின் தோலை உரித்து, வைக்கோல் திணித்துத் தைத்து, குச்சிக் கால் வைத்து, கறக்கும்போது பசுவின் முன்னால் நிறுத்துவார்கள். பசு அதை நக்கிக்கொண்டே பாலை விடும். பட்டணத்தில் பால் வாங்குகிற எல்லோருக்கும் தெரிந்த சங்கதி.

வந்த இன்ஸ்பெக்டருக்குத் தெரியவில்லை. சலவை மடிப்புக் கலையாத பேன்ட். கோவிந்தம்மாள் என் வாசலில் பசுவைக் கறந்துகொண்டிருக்க, படியில் ஏறி நின்றவர் இறங்கவேயில்லை.

"செத்த கன்னு எங்கம்மா?"

"தோ, நிக்குதே சார்," என்றாள் கோவிந்தம்மாள்.

அவர் கன்றைப் பார்த்தார். அதை நக்கும் பசுவைப் பார்த்தார். கடைசியில் சாட்சி போட்ட என்னைப் பார்த்தார். பிறகு பேனாவைத் திறந்து, கன்று தாயுடன் நலமாக நிற்கிறது என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுத ஆரம்பித்தார்.

தொட்டுப் பாருங்கள் என்றேன். மாடு உதைக்கும் என்றார். கன்று அசையவே இல்லையே என்றேன். சாதுவான கன்று என்றார்.

"இன்னா யம்மா, மூணு பக்கம் எய்தினியே, வைக்கோலுன்னு ஒரு வார்த்த எய்தலியா?" என்று கோவிந்தம்மாள் என்மேல் பாய்ந்தாள்.

எழுதவில்லை. காற்றுக்கே பக்கம் போதவில்லை.

பொறுமை எனக்குப் பிறவியிலேயே கிடையாது. விறுவிறுவென்று இறங்கிப்போய் கன்றின் பின்னங்காலைப் பிடித்து ஓர் இழுப்பு இழுத்தேன்.

கால் கையோடு வந்துவிட்டது.

பசு திரும்பிப் பார்த்தது. அதன் பிள்ளையின் காலோடு நான் நிற்கிறேன். அடுத்த நிமிஷம் பால் சொம்பு தெருவில், நான் சாக்கடையில். வைக்கோல் மட்டும் மேலே பறந்து இன்ஸ்பெக்டர் தலையில் இறங்கியது.

அவர் ஒரு வைக்கோலை எடுத்து உற்றுப் பார்த்தார். எழுதியதை அடித்தார்.

"செத்ததுதாம்மா. நல்லாவே செத்திருக்கு," என்று கையெழுத்துப் போட்டார்.

கோவிந்தம்மாளுக்குக் கூரை உறுதியாயிற்று. ஆனால் முடமான பிள்ளையைப் பசு ஏறெடுத்தும் பார்க்கவில்லை. பால் நின்றது. "காலைப் பிச்ச கைதானே, நீயே தச்சிக் குடு," என்று கன்றை என் மடியில் போட்டுவிட்டுப் போனாள். கன்னியாஸ்திரீகள் ஏழு வருஷம் கற்றுக்கொடுத்த எம்ப்ராய்டரி மொத்தத்தையும் அந்தக் காலில் இறக்கினேன்.

இப்போது பசு எல்லோர் வாசலிலும் பால் விடுகிறது, என் வாசலைத் தவிர. நான் சொம்போடு எதிர்வீட்டில் போய் நிற்கிறேன், முக்காடு போட்டுக்கொண்டு.