மூச்சை இழு, சரண்யா!

அடுத்தவர் கோபத்தை அடக்கக் கற்றுக்கொடுப்பதைப் போல சுலபமான வேலை உலகத்தில் கிடையாது. நம்முடைய கோபம் அந்த இடத்துக்கு வந்து சேரும்வரை.

நான் ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். (பள்ளிக்கூடம்தான் இவரை விட்டது என்று என் மனைவி செல்வி திருத்துவாள்.) லாரி கிளீனர், ஓசூரில் பரோட்டா மாஸ்டர், சூரத்தில் மில் வேலை என்று சுற்றினேன். பஸ் ஸ்டாண்டில் படுத்த நாட்களும் உண்டு. கொசுவைத் தவிர வேறு குறையில்லை. வடக்கே ஓர் ஆசிரமத்தில் உருளைக்கிழங்கு உரித்தபோது, சமையலறை ஜன்னலுக்கு அந்தப் பக்கம் மூச்சுப் பயிற்சி நடக்கும். கோபம் வந்தால் வாயை மூடு, மூக்கால் ஆழமாக இழு, மெதுவாக விடு. இவ்வளவுதான். உரித்துக்கொண்டே கற்றுக்கொண்டேன்.

காஞ்சிபுரத்துக்குத் திரும்பி, செல்வி தறியில் சம்பாதிப்பதைச் சாப்பிட்டுக்கொண்டிருந்த காலத்தில், பெண்களுக்குக் கபடி சொல்லிக்கொடுக்கும் அமுதா அக்காவிடம் எடுபிடியாகச் சேர்ந்தேன். மேட் விரிப்பேன், தண்ணீர் தூக்குவேன்.

அக்காவின் தீராத தலைவலிக்குப் பெயர் சரண்யா. பதினாறு வயது, நெசவாளர் வீட்டுப் பெண். பாடிப் போனால் மூன்று பேரைத் தொட்டுவிட்டுத் திரும்புவாள். திரும்பிய வேகத்திலேயே நடுவரோடு சண்டைக்கும் போவாள். மாவட்ட அணிக்கு ஆள் எடுக்க வந்தவர் முன்னாலேயே ஒருமுறை தண்ணீர் பாட்டிலை வீசிவிட்டாள். அவர் கறாராகச் சொல்லிவிட்டார்: "அடுத்த மேட்ச்ல ஒரு கார்டு வாங்கட்டும், பொண்ண மறந்துடுங்க."

"இவளுக்கு யாராச்சும் கோவத்த அடக்கக் கத்துக்குடுங்கப்பா" என்று அக்கா தலையில் கை வைத்தார்.

நான் கையைத் தூக்கினேன். (அன்று வீட்டில் காலண்டர் தாளின் பின்பக்கம் 'மணி' என்ற என் பெயருக்குக் கீழே 'மனநலக் கோச்' என்று எழுதிப் பார்த்ததை யாரிடமும் சொல்லவில்லை.)

மைதானத்து வேப்பமரத்தடியில் வகுப்பு ஆரம்பமானது.

"கோவம் வந்தா மொதல்ல எங்கம்மா தெரியுது?"

"மூக்குலண்ணா. விடைச்சிக்கும்" என்றாள் சரண்யா. "தறில இழை அறுந்தா எங்கம்மா கத்தவே மாட்டாங்க. முடிச்சு போட்டுட்டு அவங்க பாட்டுக்கு நெய்வாங்க. நான்தான் பக்கத்துல உக்காந்துக்கினு கத்துவேன்."

மற்ற பெண்களை அவளைச் சீண்டச் சொன்னேன். அந்த வேலையை மட்டும் எல்லோரும் உயிரைக் கொடுத்துச் செய்தார்கள். அவள் மூக்கு விடைக்கும், நான் "வாய மூடு, மூச்ச இழு" என்பேன், அவள் இழுத்து விடுவாள், மூக்கு இறங்கும். எனக்கே புல்லரித்தது! அவளுடைய அம்மா, என் மனைவி செல்வியிடம் வந்து பாராட்டினார்: "இப்பல்லாம் தம்பிய அடிக்கறதுக்கு முன்னாடி மூச்சு இழுக்கறாம்மா. அப்புறம்தான் அடிக்கறா."

மேட்ச் அன்று எதிரே மாகறல் ஊர்ப் பெண்கள். மாவட்டத்துக்காரர் முன்வரிசையில். செல்வி எலுமிச்சம்பழ சாதத்தோடு பின்வரிசையில். கடைசி நிமிடங்களில் இரண்டு அணியும் ஒரே புள்ளி! சரண்யா பாடிப் போனாள். மூலையில் நின்ற மாகறல் பெண் இளித்துக்கொண்டே கேட்டாள்: "இன்னாமா, பாட்டில் கொண்டாந்தியா?"

சரண்யாவின் மூக்கு விடைத்தது. இத்தனை நாள் உழைப்பும் இந்த நொடிக்குத்தான் என்று எனக்கு ஆவேசம் வந்துவிட்டது. கோட்டோரம் நின்று அடிவயிற்றிலிருந்து கத்தினேன்.

"சரண்யா! வாய மூடு! மூச்ச இழு!"

சொன்ன சொல் கேட்கும் பெண். எதிராளிகளுக்கு நட்டநடுவில் நின்றாள். கபடி சொல்வதை நிறுத்தினாள். வாயை மூடினாள். கண்ணையும் மூடி, ஆழமாக மூச்சை இழுத்து, மெதுவாக விட்டாள்.

நடுவர் விசில் ஊதினார்.

பாடிப் போகிறவள் 'கபடி கபடி' என்று ஒரே மூச்சில் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். நடுவில் மூச்சை இழுத்தால் அவுட். இது ஊரில் எல்லோருக்கும் தெரியும். சின்ன வயதில் கபடி ஆடிய எனக்கும் தெரியும். வேப்பமரத்தடியில் மட்டும் ஞாபகம் வரவில்லை.

அடுத்த நொடி நான் ஆடுகளத்துக்குள் இருந்தேன், செருப்போடு.

"இன்னா சார் அநியாயமா இருக்குது! மூச்சு வுட்டா அவுட்டா? மனுசன் மூச்சு வுடாம எப்டி சார் இருப்பான்?"

"கபடில அப்டித்தாங்க" என்றார் நடுவர், பொறுமையாக.

அந்தப் பொறுமைதான் என்னால் தாங்க முடியாமல் போனது. கையிலிருந்ததை வீசினேன். கையிலிருந்தது தண்ணீர் பாட்டில்.

மஞ்சள் கார்டு! எனக்கு! வாங்கினவர் இரண்டு நிமிடம் வெளியே நிற்க வேண்டும், எதிரணிக்கு ஒரு புள்ளி. நான் இன்னும் குதித்துக்கொண்டிருக்க, வெளியே உட்கார்ந்திருந்த சரண்யா எழுந்து வந்து என் தோளைப் பிடித்தாள்.

"அண்ணா, வாய மூடுங்க. மூக்கால இழுங்க. இன்னும் கொஞ்சம். ஆங், மெதுவா வுடுங்க."

விட்டேன். மைக்கில் ஒருவர் அறிவித்தார்: "அண்ணன் மூச்சு வுட்டுட்டாரு, ஆட்டம் தொடரும்!" மைதானமே கைதட்டியது. பின்வரிசையில் பக்கத்து அம்மா "யாரும்மா அந்த ஆளு?" என்று கேட்க, செல்வி "தெரிலக்கா" என்று சாதத்தைப் பிசைந்தாளாம்.

சரண்யாவின் மூச்சுக்கு ஒரு புள்ளி, என் பாட்டிலுக்கு ஒரு புள்ளி. அந்த இரண்டு புள்ளியில் தோற்றோம்.

"மூச்சு வுட்டா அவுட்டாவற ஆட்டத்துக்கு மூச்சு வுடச் சொல்லிக்குடுத்தவன் நீ ஒருத்தன்தான்யா" என்று அக்கா ஆரம்பிக்கும்போதே மாவட்டத்துக்காரர் எங்களை நோக்கி வந்தார். சரண்யா என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். பாவம், போச்சு என்றே நினைத்தேன்.

"கார்டு வாங்கினா பொண்ண மறந்துடுங்கன்னு சொன்னேன். வாங்கினது பொண்ணு இல்லியே" என்றார் அவர். "அன்னிக்கு பாட்டில் வுட்ட பொண்ணு, இன்னிக்கு பாட்டில் வுட்டவர புடிச்சி உக்கார வெச்சுது. அது போதும், அனுப்பி வைங்க. இந்த ஆள மட்டும் கூட்டிக்கினு வராதீங்கம்மா."

சரண்யா போட்ட கூச்சலில் மூச்சாவது, பயிற்சியாவது! அவளைவிடச் சத்தமாகக் கூவியது நான்தான்.

ஆனால் வீட்டில் தண்டனை இன்னும் முடியவில்லை. செல்வி அன்றே தறியில் மிஞ்சிய மஞ்சள் பட்டில் ஒரு துண்டு வெட்டி, கதவோர ஆணியில் மாட்டிவிட்டாள். நான் குரலை உயர்த்தினால் துண்டு உயரும். இரண்டு நிமிடம் நான் தெருவில் நிற்க வேண்டும். போகிறவர்கள் "இன்னா மணி, மஞ்சளா?" என்று விசாரித்துவிட்டுப் போவார்கள்.

போன வாரம் தறியில் இழை அறுந்து, செல்வி பூனையைப் பார்த்து ஒரு கத்துக் கத்தினாள். இதற்காகத்தானே இத்தனை நாள் காத்திருந்தேன்! ஓடிப்போய்த் துண்டை எடுத்து அவள் முகத்துக்கு நேரே ஆட்டினேன்.

அவள் நிமிராமல் இழையை முடிந்துகொண்டே சொன்னாள்: "ரெஃபரிக்கு ஏதுங்க கார்டு? வெளிய போயி நில்லுங்க."