முடியாது என்று ஒரு கட்டம்

கல்யாணமான நாள் முதல் அறிவழகன் தன் மனைவி மலர்கொடியிடம் ‘முடியாது’ என்று சொன்னதே இல்லை. மனசில் பல தடவை சொல்லியிருக்கிறார். நாக்குவரை வந்ததும் அது ‘சரிம்மா’ ஆகிவிடும். ஐம்பதைத் தாண்டிய பிறகு, பெரம்பலூரில் தன் வீட்டு ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்து, அவர் ஒரு மாபெரும் முடிவுக்கு வந்தார். தன்னால் சொல்ல முடியாததை இனி ஒரு ஆப் சொல்லட்டும்.

யாருக்கும் தெரியாமல் செல்போனில் ஆப் வடிவமைப்பு வகுப்பில் சேர்ந்தார். முதல் பாடம் வயர்ஃப்ரேம். வீடு கட்டுமுன் மனையில் சுண்ணாம்புக் கோடு போடுவதைப் போலத்தான். கலர் கிடையாது, படம் கிடையாது. எந்தப் பொத்தான் எங்கே, அதைத் தொட்டால் எந்தத் திரை வரும் என்று வெறும் கட்டமாக வரைய வேண்டும். அறிவழகன் வெள்ளைத்தாளில் ஸ்கேல் வைத்து வரைந்தார். முதல் தாளில் மலர்கொடி வழக்கமாக ஏவும் வேலைகள்: மோட்டார் போடு, சின்ன வெங்காயம் உரி, திருமானூர்ல தம்பி வூட்டுக்குப் போயிட்டு வா. எதைத் தொட்டாலும் வருவது ஒரே தாள். ‘மன்னிக்கவும். இந்தச் சேவை தற்போது இல்லை.’

எழுதி முடித்ததும் கூச்சமாக இருந்தது. ஒரு தாளுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளவா இத்தனை படிப்பு என்று உள்ளே ஒரு குரல் கேட்டது. அந்தக் குரலையும் அவர் எதிர்த்துப் பேசவில்லை.

இரண்டாவது பாடம் பரிசோதனை. ஆப்பைப் பற்றி எதுவும் தெரியாத ஒருவரிடம் தாளைக் கொடுக்க வேண்டும். அவர் கட்டத்தைத் தொடுவார். வரைந்தவர் மெஷினாக இருந்து அடுத்த தாளை எடுத்து வைப்பார். கண்டிப்பான விதி ஒன்று உண்டு. வரைந்தவர் வாயைத் திறக்கவே கூடாது. அறிவழகனுக்கு உற்சாகம் பிறந்தது. இந்த ஒரு வித்தையில் அவருக்கு ஏற்கெனவே நல்ல தேர்ச்சி.

மலர்கொடி கூடத்தில் வெங்காய மூட்டையைப் பிரித்துக்கொண்டிருந்தாள். அவள் முன்னால் முதல் தாளை வைத்து விதியைச் சொன்னார்.

“அப்ப நான் எதைத் தொட்டாலும் நீங்க பேச மாட்டீங்க?”

“மாட்டேன்.”

“எதுத்துப் பேச மாட்டீங்க?”

தலையாட்டினார். பரிசோதனை தொடங்கிவிட்டது.

அவள் முந்தானையில் விரலைத் துடைத்துக்கொண்டு வெங்காயத்தைத் தொட்டாள். அவர் அடுத்த தாளை வைத்தார். அவள் ஒரு தடவை படித்தாள். வாய்விட்டு இன்னொரு தடவை படித்தாள். பிறகு நிமிர்ந்தாள்.

“முடியாதுன்னு நேர்ல சொல்ல வேண்டியதுதானே. நான் என்ன கடிச்சா தின்னுடுவேன்? சொல்லியிருந்தா இன்னிக்கு விட்டிருப்பேன்ல.”

அறிவழகனுக்குக் காது மடல் சுட்டது. இத்தனை வருஷமும் ஒரு வார்த்தையில் தீர்ந்திருக்கும் காரியமா இது? பதில் சொல்ல வாய் துடித்தது. விதி தடுத்தது.

“சரி, இந்தத் தாள்லேர்ந்து வெளிய எப்படிப் போறது?”

அவர் குனிந்து பார்த்தார். வழி இல்லை. எந்தத் திரையிலும் ஆளைச் சிக்கவைக்காதே, வெளியேற ஒரு பொத்தான் போடு என்று பாடத்தில் தலைதலையாய் அடித்துக்கொண்டிருந்தார்கள். மறந்திருந்தார்.

“மெஷின் பேசாதுல்ல. நானே போட்டுக்கறேன்.”

அவர் சட்டைப் பையிலிருந்த பென்சிலை உருவி, ‘மன்னிக்கவும்’ என்பதற்குக் கீழே கோணலாக ஒரு கட்டம் போட்டாள். உள்ளே ‘சரிம்மா’ என்று எழுதினாள். அதன்மேல் விரலை வைத்துக்கொண்டு அவரையே பார்த்தாள்.

எடுத்து வைக்க அடுத்த தாள் இல்லை. அறிவழகன் வெங்காய மூட்டையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

மறுநாள் இரண்டு தாளும் சமையலறைச் சுவரில் ஒட்டப்பட்டன. இப்போதெல்லாம் மலர்கொடி அவரைக் கூப்பிடுவதே இல்லை. விரலால் சுவரில் இரண்டு தட்டு. அவர் எழுந்துவிடுவார்.

பக்கத்து வீட்டுச் சிந்தாமணி வந்து பார்த்து அசந்துபோனாள். தன் வீட்டுக்காரர் செல்லதுரை எதைச் சொன்னாலும் மல்லுக்கு நிற்கிறாராம். தனக்கும் ஒரு செட் வேண்டுமாம். அறிவழகன் ஸ்கேலை எடுத்து வரைய உட்கார்ந்தார்.

“நெட் இல்லாம ஓடுமாக்கா?” என்று கேட்டாள் சிந்தாமணி.

“சோறு போட்டா ஓடும்” என்றாள் மலர்கொடி.