மூன்று நாவல்களும் செம்பன் என்ற காளையும்

உலகத்தில் எத்தனையோ சங்கங்கள் இருக்கலாம். ஆனால் காணாமற்போன மூன்று நாவல்களைத் தேட ஒரே மணித்தியாலத்தில் ஐவர் குழு அமைத்து, அதற்குள் இரண்டு தரம் தேநீரும் குடித்து முடித்த பெருமை, 1965இல் பலாபத்வல வாசகர் முன்னேற்றச் சங்கத்துக்கே வாய்த்தது.

நாவல்கள் லேசுப்பட்டவை அல்ல. ஒன்றில், சந்திரனில் குடியேறியவன் தன் ஆட்டோடு மனத்தாலேயே பேசுவான். இன்னொன்றில் இறக்கை முளைத்த குதிரை எஜமானுக்காக உயிரை விடும். மூன்றாவதில் இயந்திரங்கள் ஆளும் காலத்தில் ஒருத்திக்கும் ஒரு கரடிக்கும் சிநேகம். மனித–மிருகப் 'பிணைப்பு' பற்றிய மாயக் கதைகளையும் விஞ்ஞானக் கதைகளையும் காட்சிக்கு வைக்குமாறு மேலிடத்துச் சுற்றறிக்கை வந்திருந்தது. அலுமாரியைத் திறந்தால் மூன்றும் இல்லை.

குற்றவாளியைக் குழு உடனே கண்டுபிடித்துவிட்டது. நாவுல ஊர் வரைக்கும் ஒற்றை மாட்டு வண்டியில் புத்தகப் பெட்டி கொண்டுபோய் வீடு வீடாகக் கொடுத்து வாங்கும், எல்லோரும் அண்ணன் முறையில் 'நானா' என்று கூப்பிடும் ஸக்கரியாதான். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆகவே எதையும் தொலைக்கும் 'தகுதி' அவருக்கு உண்டு. ஞாயிற்றுக்கிழமைக்குள் நாவல்கள் வராவிட்டால் அவருடைய காளை செம்பனை ஏலம் போட்டுப் புதிய பிரதிகள் வாங்குவதென்று தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.

ஸக்கரியா கன்றிலிருந்து வளர்த்த மாடு அது. மூன்று நாளாக அவருக்குச் சோறு இறங்கவில்லை.

ஞாயிறன்று குழுவுக்கு முன்னால் போய் நின்றார்.

"ஐயா, எனக்குப் படிக்கத் தெரியாதுங்க. எந்த வீட்டுல புத்தகம் தங்கியிருக்குன்னு என் மாட்டுக்குத் தெரியும்."

தலைவர் சோமசுந்தரம் பெருந்தன்மையோடு சிரித்தார். "மாடு மனுஷன் மனசைப் புரிஞ்சுக்கிறதெல்லாம் நாவல்லதான் நடக்கும், ஸக்கரியா."

"மனசு இல்லீங்க. வாழைப்பழத் தோல்."

விஷயம் இதுதான். புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்க மனமில்லாதவர்கள், "அடுத்த வாரம் தர்றோம் நானா" என்று சொல்லி, செம்பனுக்கு ஒரு கை தோலைப் போட்டு வண்டியை அனுப்பிவிடுவார்கள். ஒழுங்காகக் கொடுப்பவர்கள் வீட்டில் மாட்டுக்கு ஒன்றுமில்லை. ஆகவே செம்பன் ஒழுங்கானவர்கள் வாசலில் தானாக நிற்பதே கிடையாது.

குழு விஞ்ஞான ஆர்வத்தோடு கூண்டு வண்டிக்குள் ஏறியது. ஐந்து பேரின் கனத்தில் அச்சு முனகியது. ஸக்கரியா கயிற்றைத் தளர விட்டார். செம்பன் கடைத்தெருவைத் தாண்டி, கோயிலைத் தாண்டி, ஒரு பச்சைக் கேற்றுக்கு முன்னால் போய் நின்றது. அதட்டினாலும் அசையவில்லை.

உள்ளேயிருந்து தலைவரின் மனைவி சரோஜாதேவி தோலோடு வந்தார். கூண்டுக்குள் இருந்தவர்களை அவர் பார்க்கவில்லை.

"வாடா செம்பா. நானா, அந்த மூணும் அடுத்த வாரம் கட்டாயம். எங்க வீட்டுக்காரங்க, குதிரை சாகுற இடம் வந்தா அழுதுட்டு மறுபடி முதல்லருந்து படிக்கிறாங்க. ரெண்டு வருஷமா இதே கதைதான்."

எந்தப் புத்தகம் என்று ஸக்கரியாவுக்குத் தெரியாது. எந்த வாசல் என்று தெரியும். வண்டிக்காரன் தலைவரைக் கைகாட்டினால் அது அவதூறு. மாடு நின்றால் அது தகவல்.

"நாவல்கள் என் 'பாதுகாப்பில்' இருந்திருக்கின்றன," என்றார் தலைவர் மேடைத் தமிழில்.

"இன்னும் போவோமுங்களா?" என்று ஸக்கரியா பணிவாகக் கேட்டார். செம்பன் ஏற்கனவே செயலாளர் இத்ரூஸின் வீட்டுக்குப் போகும் ஒழுங்கைப் பக்கம் தலையைத் திருப்பியிருந்தது. இத்ரூஸுக்குத் திடீரென்று வயிற்று வலி வந்தது. மற்ற மூவருக்கும் அவசர வேலைகள் ஞாபகம் வந்தன. தேடுதல் வெற்றிகரமாக முடிந்தது.

தலைவரின் விறாந்தையிலேயே அறிக்கை எழுதினார்கள். 'நாவல்கள் கிடைத்தன. எடுத்தவர் யாரென்று தெரியவில்லை. ஏலம் ரத்து.' ஐவரும் கையொப்பமிட்டார்கள். சாட்சியாக ஸக்கரியாவின் கைநாட்டு மட்டும் பாக்கி. இத்ரூஸ் வாசித்துக் காட்டி, மைப்பெட்டியை நீட்டினார்.

ஸக்கரியா விரலை நீட்டவில்லை. வெளியே தோல் மென்றுகொண்டு நின்ற செம்பனைப் பார்த்தார்.

"ஏலம் இல்லேன்னதுல ரொம்ப சந்தோஷமுங்க. ஆனா தெரியலேன்னு சொல்றவங்க அஞ்சு பேரும்தான் கையெழுத்துப் போட்டுட்டீங்களே. எனக்கும் என் மாட்டுக்கும் தெரியுமேங்க. நாங்க எப்படிப் போடுறது?"