மீன் மார்க்கெட் மலாயில் சம்பந்தம் பேசிய கதை

இரண்டு மொழி தெரிந்தால் மூளை கூர்மையாகுமாம். ஆகட்டும். ஆனால் எந்த மொழியை எங்கே நின்று கற்றோம் என்றும் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள் ஐயா! பள்ளிக்கூடத்தில் பிரம்புக்குப் பயந்து கற்ற ஆங்கிலத்தில் எனக்கு இன்றும் வாயே திறக்காது. மீன் மார்க்கெட்டில் கற்ற மலாயில் வாய் மூடாது.

மெர்டேக்கா, அதாவது சுதந்திரம் வரப்போகிறதென்ற பேச்சு ஊரெல்லாம் ஓடிய காலம். அண்ணன், பக்கத்து ஊரான காஜா பேராங்கில், பல தலைமுறைக்கு முன்பே இங்கே வந்து தமிழை மறந்துவிட்ட செட்டிக் குடும்பத்துப் பெண் ஒருத்தியை விரும்பினான். அவர்கள் கும்பிடுவது நம் சாமி, பேசுவது மலாய். அப்பா அம்மாவுக்கோ தமிழைத் தவிர எதுவும் வராது. மாப்பிள்ளையே தன் கல்யாணத்தைப் பேசினால் நன்றாகவா இருக்கும்? ஆக, மொழிபெயர்க்க நான். (பதினேழு வயதுப் பெண். ஓரிடத்தில் உட்காரத் தெரியாத ஜென்மம்.)

பெண் வீட்டுக்குப் போனோம். பெண்ணின் அப்பா தணிந்த குரலில் கேட்டார்: ஒரே மகள், கல்யாணம் முடிந்து மாப்பிள்ளை ஒரு மாதம் இங்கேயே தங்கட்டும்.

"கொஞ்சம் குறைச்சுக்க முடியுமான்னு பணிவா கேளு, கண்ணு" என்றாள் அம்மா.

மலாயில் வாயைத் திறந்தேன். புத்தி தானாக மார்க்கெட்டுக்குப் போய்விட்டது.

"ஒரு மாசமா? தாக் போலே லா, முடியவே முடியாது! ஒரு வாரம்!"

மனிதர் திகைத்துப்போனார். சரக்கில் குறை சொன்னால்தானே விலை இறங்கும்? கதவோரம் நின்ற பெண்ணை மேலும் கீழும் பார்த்து, "பொண்ணும் ஒல்லிதான்" என்றேன். எல்லாம் புரிந்தும் பேச வழியில்லாத அண்ணனுக்கு முகம் வெளிறிவிட்டது.

அப்படியும் இறங்கவில்லையென்றால் எழுந்து நடக்க வேண்டும், கடைக்காரர் கூப்பிடுவார். எழுந்தேன். "வேண்டாம், போறோம்!" பேச்சு நல்லபடியாக முடிந்ததென்று நினைத்து, அப்பாவும் அம்மாவும் கைகூப்பிச் சிரித்தபடி என் பின்னால் வந்தார்கள்.

வாசல் தாண்டினேன். யாரும் கூப்பிடவில்லை. கேட்வரை வந்தேன். ம்ஹூம். ஐயோ, இது மார்க்கெட் இல்லையே! அப்போதுதான் உறைத்தது. அண்ணன் வாழ்க்கையை அல்லவா பேரம் பேசிக் கெடுத்துவிட்டேன்!

"ஹோய், தங்கச்சி!" மலாயில் ஓர் அதட்டல். கல்யாணப் பெண்தான், படியிறங்கி ஓடிவந்தாள். "ரெண்டு வாரம்! அதுக்குக் கீழ கட்டாது!"

அவளுடைய அப்பாதான் முதலில் சிரித்தார்.

கல்யாணம் நடந்தது. இரண்டு வாரத்துக்குப் போன அண்ணன் காஜா பேராங்கை விட்டுத் திரும்பவே இல்லை. எப்போது அனுப்புவாய் என்று அம்மா கேட்கும்போதெல்லாம் அண்ணி தமிழிலேயே பதில் சொல்வாள். (மாமியாரான எங்கள் அம்மாவிடம் கற்ற தமிழ். அதட்டல் மட்டும்தான் வரும்.)

"சரக்கைத் திருப்பித் தர மாட்டோம், மாமி. பேரம் பேசினவளைப் போய்க் கேளுங்க!"